பேப்பர் ஒட்டல

அப்பாவோட மாருதி 800 போன வருஷம் ஜூன்லதான் என் கைக்கு வந்துச்சு. 1998 மாடல், வெள்ளை கலர், நாலு கியர், கார்புரேட்டர் வண்டி, டிஎன் 67 நம்பர். அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆன பிறகும் ராத்திரி ரோடு சரியா தெரியலன்னு ஓட்டறதையே விட்டுட்டாரு, வண்டி அருப்புக்கோட்டைல திண்ணைக்குப் பக்கத்துல தார்ப்பாய் போட்டு நின்னுச்சு, வித்துரலாமான்னு அம்மா கேட்டப்போ அப்பா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு போயிட்டாராம். அன்னைக்கு நைட்டே நான் போன் பண்ணி நானே எடுத்துட்டு வரேன்பான்னு சொல்லிட்டேன். ஆர்சி 2023லதான் புதுப்பிச்சது. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அந்த ஃபீஸை 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க, அதுபோக பசுமை வரி, அவ்வளவையும் கட்டி காகிதத்தை அப்பா பக்காவா வச்சிருந்தார்.

அருப்புக்கோட்டைல இருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல. விடியக்காலைல கிளம்பினதால திருச்சி தாண்டற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. விழுப்புரம் தாண்டி வெயில் ஏறினதும் 80ல போகும்போதே சூடு காட்டற முள்ளு மெதுவா மேல ஏற ஆரம்பிச்சுது, சரின்னு 60க்கு இறக்கி ஓட்டினேன், பெருங்களத்தூர் வந்து டிராஃபிக்ல நின்ன ரெண்டாவது நிமிஷம் முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தா ரேடியேட்டர் மூடி ஓரமா ஆவி. அந்த நேரத்துல மூடியில மட்டும் கை வைக்கவே கூடாது, முகத்துல கொதிக்கிற தண்ணி அடிக்கும். முக்கா மணி நேரம் ஒரு டீக்கடை வாசல்ல உக்காந்திருந்துட்டு அப்புறம் மெதுவா குரோம்பேட்டை வந்து சேந்தேன்.

மறுநாள் ஏரியால ஒரு ஒர்க் ஷாப்ல காட்டினேன். அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு, அஞ்சு நிமிஷம் பாத்தாரு, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதோட மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற பேக்கிங்) போயிருச்சு, ஹெட்டை இறக்கி லேத்துல குடுத்து லெவல் எடுக்கணும், அப்படியே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் மாத்திரலாம், 14,000 ஆகும்னு சொன்னாரு. அவரைக் குறை சொல்ல இதை எழுதல. அவர் வாசல்ல அப்போ ஏழு வண்டி நின்னுச்சு, ஒரு பழைய 800க்கு அரை நாள் உக்காந்து காரணம் தேட அவருக்கு நேரம் கிடையாது, சூடாகற பழைய வண்டின்னா பத்துல நாலு ஹெட் கேஸ்கெட்டா இருக்கும்கிற அனுபவத்துல சொல்லியிருப்பாரு. ஆனா எனக்கு சனி, ஞாயிறு ரெண்டு நாள் முழுசா இருக்கு. சொந்தமா வண்டி வேலை பாக்கறவன்கிட்ட மெக்கானிக்கைவிட அதிகமா இருக்கறது இந்த நேரம் ஒண்ணுதான், அறிவும் இல்ல, டூல்ஸும் இல்ல. அந்த நேரத்தைக் கழட்டறதுல செலவழிக்காம பாக்கறதுல செலவழிச்சா போதும்னு நான் ரொம்ப நாளா நம்பறேன்.

அதனால ஒரு நட்டைக்கூட கழட்டறதுக்கு முன்னாடி பாக்க ஆரம்பிச்சேன். ஹெட் கேஸ்கெட் போயிருந்தா அது அடையாளம் காட்டாம இருக்காது. தண்ணி ஆயில்ல கலந்தா ஆயில் மூடிக்கு அடியில பால் டீ மாதிரி வெளுத்து ஒட்டியிருக்கும், திறந்து பாத்தேன், இல்ல. டிப்ஸ்டிக்ல ஆயில் கறுப்பா இருந்தாலும் தெளிவா இருந்துச்சு. வண்டி நல்லா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழட்டி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணா தண்ணிக்குள்ள குமிழ் குமிழா வரணும், வரல. சைலன்சர்ல வெள்ளைப் புகை இல்ல. கடைசியா மூணு பிளக்கையும் கழட்டிட்டு சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு காட்டற கம்ப்ரஷன் கேஜ் மாட்டி ஒவ்வொண்ணா பாத்தேன், 165, 170, 165 பிஎஸ்ஐ. 26 வருஷ இன்ஜின், ஹெட்டை ஒருதடவைகூட இறக்கினதில்ல, மூணு சிலிண்டரும் இவ்வளவு பக்கத்துல பக்கத்துல நின்னதைப் பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். உடனே அப்பாவுக்கு போன் பண்ணி நம்பரைச் சொன்னேன். அவருக்கு அந்த நம்பர் புரியல, ஆனா இன்ஜின் நல்லா இருக்குன்னு புரிஞ்சுது.

அப்போ சூடு எங்கிருந்து வருது? இதுக்கு ஒரு எளிய கேள்வி இருக்கு. வண்டி நிக்கும்போது சூடாகுதா, ஓடும்போது சூடாகுதா? நிக்கும்போது மட்டும்னா காத்துப் பிரச்சினை, அதாவது ஃபேன் பக்கம் பாக்கணும், ஏன்னா ஓடும்போது காத்து தானா ரேடியேட்டர்ல அடிக்கும். ஹைவேல வேகமா போகும்போதுன்னா தண்ணிப் பிரச்சினை, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், இப்படி. என் வண்டி ரெண்டுலயும் சூடாச்சு. ரெண்டு பழுது இருக்கலாம், இல்ல ஒரே பழுது ரெண்டு பக்கமும் இழுக்கலாம்.

முதல்ல ஃபேன். டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு டாகிள் சுவிட்ச் இருந்துச்சு, என்னைக்கோ யாரோ ஃபேனுக்கு நேரடி ஒயர் இழுத்து வச்சிருக்காங்க, அப்பா டிராஃபிக் வந்தா அதைத் தட்டி விடுவாரு. தட்டினேன், ஃபேன் நல்லா வேகமாத்தான் சுத்துச்சு, சத்தமும் சரி, கையை வச்சா காத்தும் வந்துச்சு. இந்த இடத்துல நானும் ஃபேன் ஓகேன்னு அடுத்ததுக்குப் போயிருப்பேன். ஆனா கையை எந்தப் பக்கம் வச்சேன்னு யோசிச்சேன். நான் வண்டிக்கு முன்னாடி, கிரில்லுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். காத்து என் மேல அடிக்குது.

இந்த வண்டில ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி, இன்ஜின் பக்கமா இருக்கு. அது வெளிக்காத்தை ரேடியேட்டர் வழியா உள்ள இழுக்கணும். முன்னாடி நிக்கற ஆள் மேல காத்து வரவே கூடாது. சந்தேகத்தைத் தீக்க வீட்ல கிடந்த பழைய பேப்பர்ல ஒரு தாளைக் கிழிச்சு கிரில்லுக்கு முன்னாடி பிடிச்சேன். ஒழுங்கா இழுக்கற ஃபேனா இருந்தா தாள் பச்சக்குன்னு ஒட்டிக்கணும். ஒட்டல, படபடன்னு அடிச்சு என் நெஞ்சு மேல வந்து விழுந்துச்சு. மூணு தடவை பண்ணிப் பாத்தேன், மூணு தடவையும் அதேதான்.

மோட்டாரைக் கழட்டிப் பாத்தா அது வண்டியோட வந்த மோட்டார் இல்ல, எப்பவோ மாத்தினது. டிசி மோட்டார்ல பிளஸ், மைனஸ் மாத்திக் குடுத்தா தலைகீழா சுத்தும், அவ்வளவுதான் விஷயம், கப்ளர் (ஒயரை இணைக்கற சாக்கெட்) சேராததால ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தும்போது மாறிப் போச்சு. நின்னா இன்ஜின் ரூம்ல இருக்கற சூட்டுக் காத்தையே எடுத்து ரேடியேட்டர்ல அடிக்கும், அப்பாவோ அக்கறையா சுவிட்சைத் தட்டி விட்டுட்டு ஓட்டியிருக்காரு, ஓடும்போது எதிர்ல வர்ற காத்தை அது தள்ளி நிறுத்தும். எத்தனை வருஷமா இப்படி ஓடுச்சோ தெரியல. ரெண்டு ஒயரை மாத்தி, சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டு சுருக்கி முடிக்க இருவது நிமிஷம். பேப்பர் ஒட்டுச்சு. கையை எடுத்தும் விழல. அந்தத் தாளை இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கேன்.

டிராஃபிக் சூடு அதோட போச்சு. பல்லாவரம் பாலத்துக்குக் கீழ மதியம் ரெண்டு மணி வெயில்ல வேணும்னே போய் நின்னு பாத்தேன், முள்ளு பாதியைத் தாண்டல. ஆனா ஜிஎஸ்டி ரோட்ல செங்கல்பட்டு வரைக்கும் 80ல போனா இன்னும் மெதுவா ஏறுச்சு. அப்போ ரெண்டாவது பழுது இருக்கு.

ரேடியேட்டர் மூடியைக் கழட்டித் தலைகீழா திருப்பிப் பாத்தேன். அதுல 0.9ன்னு எழுதியிருக்கும், எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்கன்னு தெரியல. வீட்டு குக்கர்ல வெயிட் போடறோம்ல, அதே வேலைதான் இந்த மூடிக்கும். உள்ள அழுத்தம் கூடக் கூட தண்ணி 100 டிகிரில கொதிக்காது, 0.9 அழுத்தத்துல 118 டிகிரி வரைக்கும் தாங்கும். அதைத் தாண்டினா மூடி திறந்து உபரித் தண்ணியைப் பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் டப்பாவுக்கு அனுப்பும், இன்ஜின் ஆறும்போது அதே தண்ணியைத் திருப்பி உறிஞ்சிக்கும். எங்க மூடியில ரப்பர் வாசர் பாதி தின்னு போயிருந்துச்சு. அழுத்தமும் நிக்காது, உறிஞ்சவும் செய்யாது, தண்ணி ஆவியா போயிட்டே இருக்கும்.

அப்போதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல இருந்து நான் பாத்த காட்சி, அப்பா காலைல பல்லு வெளக்கிட்டு செம்புல தண்ணி மோந்துட்டு வந்து பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு ஊத்துவாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி, தினமும். வண்டிக்கு அது வேணும்னே நாங்க எல்லாரும் நெனச்சோம். மூடி சரியா இருந்திருந்தா மாசக்கணக்கா ஒரு சொட்டு ஊத்தியிருக்க வேண்டியதில்ல. ஊத்தினதும் எந்தத் தண்ணி? எங்க தெரு போர் தண்ணி. அருப்புக்கோட்டைப் பக்கம் போர் தண்ணியைக் காய்ச்சினவங்களுக்குத் தெரியும், பாத்திரத்தோட அடியில வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படியும், சுரண்டினாகூட வராது. ஆவியா போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே நின்னுரும், மறுநாள் இன்னொரு செம்பு, இன்னும் கொஞ்சம் உப்பு. ஒரு 120 ரூபா மூடியோட ரப்பர்ல ஆரம்பிச்சது இத்தனை வருஷத்துல ரேடியேட்டரையே அடைச்சிருச்சு.

கீழ் ஓஸைக் கழட்டி விட்டப்போ வந்த தண்ணி கருப்பட்டிக் காப்பி கலர்ல இருந்துச்சு. பேசின்ல பிடிச்சேன். வேற வண்டில பழைய கூலன்ட் இறக்கறவங்க கவனிங்க, அது லேசா இனிக்கும், தெரு நாய் நக்கினா செத்துப் போயிரும், எத்திலீன் கிளைகால் அவ்வளவு விஷம், தரையில விடாம பிடிச்சு மூடி வைங்க. அப்புறம் தோட்டத்து ட்யூபைச் சொருகி கீழ இருந்து மேல, அதாவது தண்ணி வழக்கமா போற திசைக்கு எதிரா அடிச்சேன். துருத்துகள், ஈரச் செங்கல் பொடி மாதிரி ஒண்ணு, வந்துட்டே இருந்துச்சு. ஒரு மணி நேரம் அடிச்சும் தெளியல. கழட்டி எடுத்துட்டு ரேடியேட்டர் கடைக்கே போயிட்டேன். நல்ல வேளை பழைய பித்தளை ரேடியேட்டர், இப்ப வர்ற அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் வகையை இப்படிப் பண்ண முடியாது. கடைக்காரர், 60 வயசு இருக்கும், பர்னரை வச்சு ஈயத்தை உருக்கி மேல் டேங்கைத் தனியா எடுத்து எனக்குக் காட்டினாரு. வரிசையா சின்னச் சின்ன ட்யூப் வாய், மூணுல ஒண்ணு மூடிக் கிடக்கு. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் தகடு மாதிரி ஒரு நீளக் கம்பியை விட்டு இழுத்தாரு, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு, சரக், சரக்குன்னு, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைப் பொடி. இந்த வேலை தெரிஞ்ச கை இப்ப கொறஞ்சிட்டே வருது, உங்க ஊர்ல ஒருத்தர் இருந்தா அவருக்கே வேலை குடுங்க. 1,400 ரூபா வாங்கினாரு.

மாட்டறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட் உக்கார்ற கூட்டைத் திறந்தா உள்ள காலி. வால்வே இல்ல.

அப்பாகிட்ட கேட்டேன். "அது நம்ம ஊரு வெயிலுக்கு வேண்டாம்னு அப்பவே எடுத்துட்டாங்கப்பா, அது குளிர் தேசத்து வண்டிக்கு இருக்கறது"ன்னு சொன்னாரு. இதைத் தமிழ்நாடு முழுக்கக் கேக்கலாம், எங்க போனாலும் இதே வார்த்தை. எனக்கு இதுல கோவமே வரும். தெர்மோஸ்டாட் இன்ஜினைச் சூடாக்கற பொருள் இல்ல. இன்ஜின் சரியான சூட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம பிடிச்சு வைக்கும், வந்ததும் திறந்து விடும், அவ்வளவுதான். எடுத்துட்டா காலைல இன்ஜின் சூடேற ரொம்ப நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் சோக் இழுத்த மாதிரி பெட்ரோல் குடிக்கும், ஆயில்ல ஈரம் தங்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். வெளியில 40 டிகிரின்னாலும் இன்ஜினுக்குத் தேவை 80க்கு மேல, நம்ம வெயில் அதுக்குக் கிட்டகூட வராது. வால்வு பழுதாகி மூடினபடியே நின்னா வண்டி சூடாகும், அது உண்மை, அப்போ புது வால்வு போடணும். கதவு இறுகிப் போச்சுன்னு கதவையே கழட்டிப் போட்டுட்டு வீட்ல குடியிருக்க முடியுமா?

புது வால்வு வாங்கினேன். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோட நின்னு போச்சு, ஆனா இதே 796 சிசி இன்ஜின் ஓம்னிலயும் 2019 வரைக்கும் வந்ததால இன்ஜின் சாமான் எதுவும் கிடைக்காம இல்ல. வாங்கினதை அப்படியே மாட்டல. அடுப்புல ஒரு பழைய பாத்திரத்துல தண்ணி வச்சு, வால்வை நூல்ல கட்டி அடியில முட்டாம தொங்க விட்டு, தெர்மாமீட்டரைச் சொருகிட்டு நின்னேன். வால்வு மேலயே 82ன்னு பொறிச்சிருக்கும். 70, 75, 80, ஒரு அசைவும் இல்ல. 82 தாண்டி 83ல நடுவுல தலைமுடி அளவு ஒரு இடுக்கு தெரிஞ்சுது, அப்படியே மெதுவா பூ விரியற மாதிரி விரிஞ்சு 95 கிட்ட முழுசா திறந்துச்சு. உள்ள இருக்கறது வெறும் மெழுகு. சூட்டுல மெழுகு உருகி வீங்கி நடுத்தண்டைத் தள்ளுது, கரன்ட் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. அம்மா அன்னைக்கு சென்னை வந்திருந்தாங்க, தோசை ஊத்த அடுப்பு வேணும்னு வந்தவங்க அதைப் பாத்துட்டு தோசையை மறந்துட்டு நின்னாங்க, இன்னொரு தடவை ஆற வச்சுக் காட்டுன்னு கேட்டாங்க. காட்டினேன். ஃபேனைத் தானா போட வைக்கற தெர்மோ சுவிட்சையும் அதே தண்ணில விட்டு மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன், பழசு செத்துப் போயிருந்துச்சு, கொதிக்கிற வரைக்கும் சத்தமே குடுக்கல. அதுவும் புதுசு.

எல்லாம் மாட்டி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்தி, ஸ்டார்ட் பண்ணேன். முள்ளு கீழயே கிடந்துச்சு. பத்து நிமிஷம் ஆச்சு, அசையல. ஆனா மேல் ஓஸ் ஜில்லுன்னு இருக்கு, இன்ஜின் ஹெட் பக்கம் கையே வைக்க முடியல. உடனே ஆஃப் பண்ணேன். இது ரொம்ப ஆபத்தான நிலைமை, உள்ள காத்து மாட்டிக்கிட்டா சென்சாரைச் சுத்தி தண்ணி இருக்காது, முள்ளு ஏறாது, நாம எல்லாம் நல்லா இருக்குன்னு ஓட்டிட்டே போவோம். ஹெட் வளைஞ்சு போற வண்டில நிறைய இப்படித்தான்.

வண்டி மூக்கை மேட்டுல ஏத்தி நிறுத்தினேன், ஹீட்டரை முழுசா திறந்து விட்டேன், மூடியைத் திறந்து வச்சு ஓஸைக் கையால பிசைஞ்சு பிசைஞ்சு விட்டேன், காத்து கொஞ்சம் வந்துச்சு, மறுபடி அதே கதை. ராத்திரி வரைக்கும் போராடிட்டு, எடுத்த வீடியோவை அப்படியே போட்டு யாருக்காவது தெரியுமான்னு கேட்டேன். இலங்கைல மாருதி 800 நிறைய ஓடுதுன்னு எனக்குத் தெரியும், ஆனா உதவி அங்கிருந்து வரும்னு நெனைக்கல. யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு பெரியவர் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். "தம்பி, அந்த வால்வில சின்ன ஊசி ஒண்டு ஆடுமெல்லோ, அதாலதான் காத்து வெளியில போறது. நீங்கள் பேஸ்ட் கொஞ்சம் கூடப் பூசினமாதிரி வீடியோவில கிடக்கு. அது அந்த ஓட்டையை மூடிப்போட்டுதோ எண்டு ஒருக்கா கழட்டிப் பாருங்கோ." அவ்வளவுதான் மெசேஜ். காலைல ஆறு மணிக்கே கழட்டினேன். ஒழுகக் கூடாதேன்னு நான் தாராளமா பூசின பேஸ்ட் உள்பக்கமா பிதுங்கி, அந்த ஊசியையே உறைய வச்சிருந்துச்சு. பிளேடால சுரண்டி எடுத்து, பேக்கிங் மட்டும் போட்டு, பேஸ்ட் இல்லாம மாட்டினேன். முள்ளு நேரா ஏறி நடுவுக்குக் கொஞ்சம் கீழ வந்து நின்னுச்சு, கொஞ்ச நேரத்துல ஃபேன் தானா ஓடி, தானா நின்னுச்சு. அவருக்கு உடனே வீடியோ அனுப்பினேன். அவரும் 800தான் வச்சிருக்காராம், நீலக் கலர், போட்டோ அனுப்பினார், கழுவித் துடைச்சு அவ்வளவு அழகா நின்னுச்சு.

கணக்கு கேக்கறவங்களுக்கு: மூடி, வால்வு, சுவிட்ச், ஓஸ், கிளிப், கூலன்ட், ரேடியேட்டர் வேலை எல்லாம் சேத்து 4,000க்குள்ள முடிஞ்சுது.

அடுத்து லைட். இது எனக்கு இன்னும் மனசுக்குப் பக்கத்துல இருக்கற வேலை. ராத்திரி ஓட்டிப் பாத்தா ஹெட்லைட் மஞ்சளா, சீரியல் பல்பு மாதிரி எரிஞ்சுது. பல்பு புதுசு மாத்தியும் அப்படியேதான். கடைல 100 வாட் பல்பு போடச் சொன்னாங்க, தயவு செஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க, ஒயரும் ஹோல்டரும் உருகும், எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரியாது. பேட்டரில 13.4 வோல்ட் இருக்கும்போது பல்பு கப்ளர்ல அளந்தா 10.9தான் இருந்துச்சு. ரெண்டரை வோல்ட் வழியில காணாம போகுது, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சுவிட்ச் வழியா சுத்தி வர்ற மெல்லிசு ஒயர்ல, பாசி பிடிச்ச கப்ளர்ல. ஹாலஜன் பல்புல வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலே வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும், 5 சதவீதம் வோல்டேஜ் போனா வெளிச்சத்துல 15 சதவீதம் போயிரும்.

வழி ரொம்ப சுலபம், ரெண்டு ரிலே, அதாவது சின்னக் கரன்ட்டை வச்சு பெரிய கரன்ட்டைப் போட்டு விடற சுவிட்ச். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல ரிலே, ஃபியூஸ், தடி ஒயர் வாங்கினேன், கப்ளருக்குப் புதுப்பேட்டை போனேன். புதுப்பேட்டையைப் பாக்காதவங்களுக்கு எப்படிச் சொல்றது, ஒரு கடைல கதவு மட்டும், அடுத்த கடைல டேஷ்போர்டு மட்டும், அடுத்ததுல ஸ்டியரிங் மட்டும் மாலை மாதிரி தொங்கும், என்ன வேணும்னு நீங்க வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே வண்டிப் பேரைச் சொல்லுவாரு. கண்ணாடி, கைப்பிடி, சுவிட்ச், கப்ளர் இதெல்லாம் அங்க தைரியமா வாங்கலாம். பிரேக் சாமான், ஓஸ், பெல்ட் இதெல்லாம் எவ்வளவு மலிவா குடுத்தாலும் பழசுல வாங்காதீங்க.

ரிலேல நாலு கால் இருக்கும், 30, 87, 85, 86. 30க்குப் பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா நேரடி ஒயர், 87ல இருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் கப்ளர்ல வந்த ஒயரை 85, 86க்கு. பழைய சுவிட்ச் இனிமே ரிலேவை மட்டும்தான் தட்டி எழுப்பும், பல்போட பத்து ஆம்பியரை அது தூக்க வேண்டியதில்ல. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. எர்த்து ஒயரைப் பெயின்ட்டைச் சுரண்டிட்டு பாடில புதுசா குடுத்தேன். ஃபியூஸ் பேட்டரிக்கு ரொம்பப் பக்கத்துலயே இருக்கணும், அரை அடிக்குள்ள வைங்க, ஃபியூஸ் இல்லாம நேரடி ஒயர் இழுக்கறது வண்டிக்குள்ள கொள்ளிக்கட்டையை வைக்கறதுக்குச் சமம். மாட்டி அளந்தேன், 13.1. அதே பல்பு, பால் வெள்ளையா அடிச்சுது.

தீபாவளிக்கு ஊருக்கு அந்த வண்டிலதான் போனோம். ராத்திரி சாப்பிட்டுட்டு அப்பாவை முன் சீட்ல உக்கார வச்சு பந்தல்குடி ரோட்ல கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பக்கமும் புளியமரம், தெரு விளக்கு இல்லாத இடம். லைட்டைப் போட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசல, ரோட்டையே பாத்துட்டு வந்தார். அப்புறம், "என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன் தம்பி"ன்னாரு. திரும்பி வரும்போது அவரே ஓட்டினார்.

மாடிஃபிகேஷன் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, அலாய் வீல், சவுண்டான சைலன்சர், கூரையை வெட்டி சன்ரூஃப் அது இதுன்னு. எனக்கு அதுல விருப்பமில்ல, சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவா சொல்லிருச்சு, மீறினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா வரை போகும், ஜெயிலும் உண்டு. வண்டி பம்பருக்கு முன்னாடி மாட்டற இரும்பு கார்டும் 2017 டிசம்பர்ல இருந்தே கூடாது. கலரை மாத்தினாக்கூட ஆர்சில ஏத்தணும். வண்டி புதுசா வந்தப்போ எப்படி ஓடுச்சோ அதைவிடக் கொஞ்சம் நல்லா ஓட வைக்கறதுதான் எனக்குப் பிடிச்ச மாற்றம், அதுக்கே இந்த ஜென்மம் பத்தாத அளவுக்கு வேலை இருக்கு.

இப்போ நிலவரம் என்னன்னா, போன வாரம் வீல் பின்னாடி எட்டிப் பாத்தப்போ லெஃப்ட் சைடு ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடியிருக்கற ரப்பர் உறை) கிழிஞ்சு டயர் உள்பக்கம் முழுக்க கிரீஸ் தெறிச்சிருக்கு. வண்டியைத் திருப்பும்போது டக் டக்குன்னு சத்தம் இன்னும் வரல, அதனால ஜாயின்ட் தப்பிச்சிருக்கும்னு நம்பறேன், மணல் போறதுக்குள்ள மாத்தணும். இது வண்டிக்கு அடியில படுத்துப் பண்ற வேலை, ஸ்டாண்டு ரெண்டும் வாங்கி வச்சுட்டேன், வெறும் ஜாக்கியை நம்பி யாரும் தலையை உள்ள விடாதீங்க, செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கறதும் வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம உடையும். பூட், கிளிப், கிரீஸ் வந்தாச்சு. சனிக்கிழமை அப்பா வர்றாரு, டார்ச் நான் பிடிக்கறேன்னு இப்பவே சொல்லிட்டாரு.